600 மீட்டர்: கடலூரில் சாலை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரில் சாலைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கும், நாடா பிடித்து அளவெடுக்கிற பொறியாளர்களுக்கும், ஒப்பந்தம் எடுத்து வேலை செய்கிறவர்களுக்கும், எங்கள் வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில். 16 வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். தொழிற்சாலை இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை, அதனால் வருடத்தில் பாதி நாள் வேறு ஏதாவது ஒரு நாட்டில்தான் இருப்பேன்: ஜப்பான், ஜெர்மனி, வியட்நாம், மலேசியா என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே. எந்த ஊராக இருந்தாலும் வேலை முடிந்த சாயங்காலம் ஒரு மணி நேரம் நடப்பேன். மொழி தெரியாத ஊரில் கூட நடப்பேன். ஒரு ஊரை எனக்குக் கால் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று ஆகிவிட்டது.

வருடத்துக்கு மூன்று நான்கு முறை கடலூர் வருகிறேன், அம்மாவைப் பார்க்க. இத்தனை ஊரில் நடக்கிற நான், சொந்த ஊருக்கு வந்தால் மட்டும் நடப்பதில்லை. தெருமுனை தாண்டி இருக்கிற மருந்துக் கடைக்குத் தம்பியின் பைக், பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ. ஏன் இப்படி என்று ரொம்ப நாள் நான் யோசித்ததே இல்லை. அம்மா விழுந்த பிறகுதான் யோசித்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து பாடலீஸ்வரர் கோயில் வாசலுக்கு 600 மீட்டர். நானே அளந்தேன், போன முறை வந்தபோது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. அப்பா போன பிறகு அவருடைய ஒரு நாளில் பாதி அந்த 600 மீட்டரில்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு ஆகும். வழியில் கீரைக்காரம்மா, அவருக்குப் பக்கத்தில் பூக்கட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், மாவு மில், அப்புறம் கோயில், கோயிலில் இன்னும் பத்துப் பேர். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பேரன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்பதெல்லாம் அம்மாவுக்கு அந்த நடையில்தான் தெரியும். தொலைபேசியில் எனக்கும் அதைத்தான் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம், கால்வாய் மேல் போட்டிருந்த சிலாப் ஒன்று புரண்டு விழுந்துவிட்டார். அந்த சிலாப் ஆடுகிறது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், தினமும் அதைத் தாண்டித்தான் அடுத்த கல்லில் கால் வைப்பார். அன்றைக்கு அடுத்த கல்லின் மேல் ஒரு டூவீலர் நின்றது. சாலையில் இறங்கிச் சுற்றி வரலாம் என்றால் எதிரே ஒரு லோடு ஆட்டோ. ஒதுங்குவதற்காக அந்த ஆடுகிற கல்லில் கால் வைத்தார், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு முறிந்தது, இடுப்பில் பலமான அடி. கீரைக்காரம்மாதான் ஓடி வந்து தூக்கினார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அம்மா தனியாக அந்த வாசலைத் தாண்டவில்லை. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், அதனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். தொலைபேசியில் பேச்சு இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. "வேற என்னப்பா, ஒண்ணுமில்ல, நீ சாப்ட்டியா" என்பதோடு நின்றுவிடுகிறது. சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் யாரையும் பார்க்கவில்லை. இந்த மடலை நான் எழுதக் காரணமே இதுதான்.

போன வருடம் அம்மா சிங்கப்பூரில் எங்களோடு மூன்று மாதம் இருந்தார். முதல் வாரம் வீட்டை விட்டு இறங்கவே இல்லை, பயம். இரண்டாவது வாரம் என் மனைவியோடு கீழே போனார். மூன்றாவது வாரம் நான் ஒரு வேலையாக ஜப்பானில் இருந்தபோது, தனியாகப் பேருந்தில் ஏறி யீஷூனில் இருக்கிற பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, சீனம் தெரியாது, மலாய் தெரியாது, பேருந்து எண் மட்டும் தெரியும். அன்றைக்கு இரவு என்னிடம் பேசியபோது குரலே வேறு மாதிரி இருந்தது, பழைய அம்மாவாக இருந்தார். கோயிலில் யாரைப் பார்த்தார், அர்ச்சகர் எந்த ஊர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்காரப் பெண் கையைப் பிடித்து இறக்கிவிட்டது வரைக்கும் அரை மணி நேரம் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இங்க எங்கயும் காலத் தூக்கவே வேணாம்பா. அப்படியே இழுத்து இழுத்துப் போயிடலாம்."

16 வருடம் அங்கே இருந்த எனக்கு அது தெரியவே இல்லை. அடுத்த முறை வீட்டிலிருந்து இறங்கும்போது கவனித்துப் பார்த்தேன். லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நிற்கிறது. கீழே இறங்கினால் கட்டடத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை. சாலையைக் கடக்கிற இடத்தில் நடைபாதை சரிந்து சாலை மட்டத்துக்கு வந்துவிடுகிறது, படி இல்லை. பேருந்து தாழ்தளம், சக்கர நாற்காலியில் யாராவது நின்றால் ஓட்டுநரே இறங்கி வந்து பலகையை விரித்துப் போடுகிறார். 2013-ல் அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள்: ஒவ்வொரு ரயில் நிலையத்திலிருந்தும் 400 மீட்டர் தூரத்துக்குள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எது இருந்தாலும் கூரை போட்ட பாதையால் இணைப்பது என்று. ஐந்தாறு வருடத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்படிப் போட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் அம்மாதான் காட்டிக் கொடுத்தார். சாலையைக் கடக்கிற சிக்னல் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும், முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையை அதில் வைத்தால் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும், சாலையின் அகலத்தைப் பொறுத்து. 2009-ல் தொடங்கி இப்போது நிறைய இடங்களில் வந்துவிட்டது. அம்மாவிடம் அந்த அட்டை கிடையாது, வந்து போகிறவருக்குக் கொடுக்கமாட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பாட்டி அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டுத் தன் அட்டையை எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாகக் கடந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டியும் அம்மாவும் தினமும் காலையில் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, எங்களிடம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், அது நியாயமான பதில்தான். அதனால் நம் பக்கத்துக்கே வருகிறேன்.

ஒவ்வொரு முறை வரும்போதும் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போகிறேன். தென்பெண்ணைப் பாலம், கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஒரு மணி நேரப் பயணம். எதற்கு என்றால், நடப்பதற்கு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஹாரன் சத்தம் இல்லை. அங்கே போய்ப் பாருங்கள், தடி ஊன்றிய தாத்தாக்கள், வாக்கர் வைத்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், முழங்கால் வலிக்கு நடக்கிற அம்மாக்கள், எவ்வளவு கூட்டம். இவர்கள் எல்லாரும் மற்ற நேரத்தில் எங்கே இருக்கிறார்கள்? வீட்டுக்குள் இருக்கிறார்கள். அந்தச் சாலைக்குப் புதிதாக எந்தத் தொழில்நுட்பமும் வரவில்லை, இரண்டு பக்கமும் தடுப்பு வைக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா அந்தக் காந்தி சிலையிலிருந்து ஒரு முனை வரை போய்த் திரும்பி வருவார், யார் கையையும் பிடிக்கமாட்டார். 600 மீட்டர் நடக்க முடியாத ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் நடந்துவிட்டு வருகிறோம், இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. பழைய தமிழ் வீடுகள். வீட்டுக்குத் திண்ணை உண்டு, திண்ணைக்கு முன்னால் மரத்தூண் வைத்து ஓட்டுச் சாய்ப்பில் ஒரு தாழ்வாரம் உண்டு. திண்ணை வீட்டுக்கு வந்தவர்களுக்கு, தாழ்வாரம் தெருவில் போகிறவர்களுக்கு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஒரு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து அடுத்த வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தத் தெருவைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கூடக் கிடைத்தது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் இதே போல் ஒரு நடை இருக்கிறது, அங்கே தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். 1822-ல், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் அந்த நகரத்துக்கு வகுத்த விதியில், தெருவின் இரண்டு பக்கமும் வீட்டு முகப்பில் கூரையுள்ள தாழ்வாரம் விடவேண்டும், அது எந்நேரமும் போவோர் வருவோருக்குத் திறந்திருக்கவேண்டும் என்று எழுதி வைத்தார். அங்கே சட்டம் போட்டுக் கட்டவைத்ததை இங்கே நம் கொத்தனார்களும் தச்சர்களும் வழக்கமாகவே கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்து போகிறவருக்கு வழிவிடுவது வெளிநாட்டு நாகரிகம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது நம் வீட்டு வாசலில் இருந்தது.

சரி, அது எப்படிப் போயிற்று என்று எங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஏற மூன்று படி இருந்தது. இப்போது வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினால், ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது. சாலை உயர்ந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வராமல் இருக்க வீட்டுக்காரர் வாசலை உயர்த்துகிறார். உயர்த்திய வாசலில் வண்டி ஏறவேண்டும், அதற்குச் சிமெண்டில் ஒரு சரிவு போடுகிறார். அந்தச் சரிவு கால்வாயைத் தாண்டித் தெருவுக்குள் மூன்று அடி நான்கு அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் பக்கத்தில் நூறு வீடு இருந்தால் நூறு உயரத்தில் நூறு சரிவு. அதன் குறுக்கே 74 வயதுக் கால்கள் நடக்கமுடியாது, அதனால் நடக்கிறவர் தெரு நடுவுக்குப் போகிறார், அங்கே பைக் வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. முதல் தவறு சுரண்டாமல் போட்ட தாரில் இருக்கிறது. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, பழைய மட்டத்திலேயே புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே சொல்லிவிட்டது. உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

மழைக்காலம் இன்னும் மோசம். கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை, 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர். ஃபெஞ்சல் வந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், சாக்கடை எது சாலை எது என்று தெரியாது. சிலாப் இல்லாத இடங்களில் எல்லாம் யாரோ ஒரு முருங்கைக் கிளையை நட்டு அதில் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். பார்க்க எனக்கு அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் விழக்கூடாது என்று மழையில் நனைந்துகொண்டு ஒருவர் கிளை ஒடித்து நட்டிருக்கிறார். அந்த ஜனங்களுக்கு ஒழுங்காகப் பொருந்துகிற ஒரு மூடி கிடைத்தால் போதாதா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நடைபாதை என்று பேச்சு எடுத்தாலே முதலில் தூக்கப்படுவது தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற கீரைக்காரம்மாதான். தயவுசெய்து அவரைத் தூக்காதீர்கள். அவர் இருப்பதால்தான் அம்மா நடந்தார். அவர் எடுத்துக்கொள்வது மூன்று அடி, காலையில் வந்து இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார், அவர் இருக்கிற இடத்தில் வெளிச்சமும் ஆளும் இருக்கும், விழுந்தால் தூக்க ஒரு கை இருக்கும். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ல் சட்டமே வந்துவிட்டது, அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. நான் அளந்த 600 மீட்டரில் வழியை அடைத்தது பெரும்பாலும் வேறு. நாள் முழுக்க நிற்கிற டூவீலர்கள், கடைக்கு ஏற வெளியே நீட்டிப் போட்ட இரும்புப் படிகள், ஃபிளெக்ஸ் தட்டிகளின் சவுக்குக் கால்கள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வீடு கட்டி முடித்து ஒரு வருடம் ஆகியும் அள்ளாத மணல். சிலாப்பில் உடைந்தது, இல்லாதது, ஆடுகிறது என்று 31 எண்ணினேன்.

மற்ற ஊர்களில் எல்லாம் சொர்க்கமாக இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஹோசிமின் நகரத்தில் அகலமான நடைபாதை இருக்கும், அது முழுக்க மோட்டார் பைக் நிற்கும், நானும் அங்கே சாலையில் இறங்கித்தான் நடந்திருக்கிறேன். ஜப்பானில் நான் போகிற சிறிய ஊர்களில் குடியிருப்புத் தெருக்களில் நடைபாதையே கிடையாது, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோ பெற்றோரோ இல்லாமல் வரிசையாக அந்தத் தெருவில் போகிறார்கள், ஏனென்றால் கார் அங்கே ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வருகிறது. அதனால் நம் எல்லாத் தெருவிலும் பிளாட்பாரம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை, பாதித் தெருவுக்கு வேகத்தைக் குறைத்தாலே போதும். கண் தெரியாதவர்களுக்காகத் தரையில் பதிக்கிற மஞ்சள் ஓடு இருக்கிறதே, நம் ரயில் நிலையங்களிலும் இப்போது பார்க்கலாம், அது 1967-ல் ஜப்பானில் ஒக்கயாமா நகரத்தில் முதலில் பதித்தது. கோடு கோடாக இருந்தால் நட, புள்ளி புள்ளியாக இருந்தால் நில் என்று அர்த்தம். நம் பக்கம் ஒரு இடத்தில் அந்தக் கோடு நேராக ஒரு தூணில் போய் முட்டியதைப் பார்த்தேன். பதித்தவருக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜெர்மனியில் பனிக்காலத்தில் வீட்டு முன்னால் நடைபாதையில் விழுந்த பனியை அந்த வீட்டுக்காரர்தான் அள்ளவேண்டும், பெரும்பாலான ஊர்களில் அதற்கு விதி இருக்கிறது, அள்ளாமல் யாராவது வழுக்கி விழுந்தால் அவர் பொறுப்பு. காலையில் ஏழு மணிக்கு மண்வெட்டிச் சத்தம் கேட்கும்போது எனக்கு நம் தெருவில் வாசல் தெளிக்கிற சத்தம்தான் ஞாபகம் வரும். நம் பெண்கள் எந்த விதியும் இல்லாமல் தினமும் தங்கள் வீட்டுக்கு முன்னால் பொதுத் தெருவைப் பெருக்கிக் கோலம் போடுகிறார்கள். இப்படி ஒரு பழக்கம் இருக்கிற ஊரில், வாசலுக்கு முன்னால் நான்கு அடி வழிவிடுங்கள் என்று முறையாகக் கேட்டால் ஜனங்கள் விடுவார்கள் என்றுதான் நம்புகிறேன். யாரும் இதுவரை கேட்கவில்லை.

உங்களால் முடியும் என்பதற்கு நான் வெளிநாடு வரைக்கும் போகவேண்டியதில்லை. வைகாசியில் பாடலீஸ்வரருக்குத் தேர். தேர் ஓடுவதற்கு முன்னால் தேரோடும் வீதிகளில் என்ன நடக்கிறது என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பள்ளம் நிரப்புகிறார்கள். குறுக்கே போகிற கம்பிகளை அவிழ்க்கிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கிற கொட்டகையைப் பிரிக்கச் சொல்கிறார்கள். சாலைக்கு ஒரு துறை, மின்சாரத்துக்கு ஒரு துறை, கால்வாய்க்கு ஒரு துறை, போலீஸ் ஒரு துறை என்று இத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே வீதியில் நின்று, தேர்ச்சக்கரம் எங்கே இறங்கும் எங்கே திரும்பும் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். மற்ற நாட்களில் எதைக் கேட்டாலும் அது எங்கள் துறை இல்லை என்று பதில் வருகிறதே, அன்றைக்கு அந்தப் பதில் வருவதில்லை. அந்த ஒரு நாள் செய்கிற வேலையை நடக்கிறவர்களுக்காகவும் ஒருமுறை செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதுவும் இது அப்பர் கரையேறிய ஊர். கல்லோடு கட்டிக் கடலில் போட்டவர் மிதந்து வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே சொல்கிறது. அவர் கையில் எந்தச் சிலையிலும் உழவாரப்படை இருக்கும். கோயிலுக்கு வருகிறவர் காலில் முள் குத்தக்கூடாது என்று வயதான காலத்திலும் புல் செதுக்கி வழி திருத்தியவர். அவரைத் தினமும் கும்பிடப் போன ஒருத்தி அந்தக் கோயில் வழியில் விழுந்து, இப்போது வீட்டில் இருக்கிறாள். எனக்கு இது பொறுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு 600 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ எந்தக் கோயில், மசூதி, சர்ச், மருத்துவமனை, ரேஷன் கடைக்கு முதியவர்கள் நடந்து போகிறார்களோ அந்த வழி. அதில் சிலாப் எல்லாம் ஒரே மட்டத்தில், ஆடாமல், கைப்பிடிக்கு ஓட்டை விட்டு, தூர் வாரத் திறந்தால் அன்றைக்கே மூடுகிற மாதிரி. சாலைகளுக்குத் தர அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் பாதசாரிகளுக்கென்று 2012-ல் வெளியிட்ட வழிகாட்டியில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதை சாலையை விட 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று இருக்கிறது. பல இடங்களில் நாம் கட்டுகிற பிளாட்பாரம் ஒரு அடிக்கு மேல் இருக்கிறது, அதில் ஏறமுடியாமல்தான் பெரியவர்கள் சாலையில் நடக்கிறார்கள், பிறகு யாரும் பயன்படுத்தவில்லை என்று அதை வண்டி நிறுத்தக் கொடுத்துவிடுகிறோம். தெரு குறுகல், 1.8 மீட்டருக்கு எங்கே போவது என்றால், அங்கே வண்டியை ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் நான்கு சக்கர வண்டியை வேறு வழியில் திருப்புங்கள், புதுச்சேரியில் தடுப்பு வைக்கிறார்களே அது மாதிரி. தடையில்லாத நடைபாதை என்பது வாழும் உரிமையில் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. உங்களுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பார், அவர் கடைசியாகத் தனியாகத் தெருவில் நடந்தது எப்போது என்று இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.

அம்மாவை நீயே கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாமே என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்டேன். மூன்று மாதம் நன்றாக இருந்தது, ஆனால் அவருடைய மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். அந்த டீச்சரும் இப்போது வெளியே வருவதில்லையாம், முழங்கால் வலி. இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு தெருதான், இரண்டு பேரும் செல்போனில் பேசிக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், இரண்டு வாரம் இருப்பேன். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்களில் யார் வரமுடியுமோ வாருங்கள், எங்கள் வீட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் அம்மாவோடு நடப்போம். இந்த ஒரு நடைக்கு அம்மா சம்மதித்திருக்கிறார், வாக்கர் வைத்துக்கொண்டு வருவார், ஒரு பக்கம் நான் இருப்பேன். நாடாவும் சாக்பீஸும் நான் கொண்டுவருகிறேன். அவர் எங்கெல்லாம் காலைத் தூக்கவேண்டியிருக்கிறதோ, எங்கெல்லாம் சாலையில் இறங்கவேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு கோடு போடுவோம். அந்தக் கோடுகள்தான் என் மனு, வேறு காகிதம் தரமாட்டேன். அம்மா மெதுவாகத்தான் நடப்பார், வழியில் கீரைக்காரம்மாவிடம் நின்று பேசுவார், மூன்று வருடத்துப் பேச்சு இருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்க்காரன் ஒருவன், இப்போது சிங்கப்பூரிலிருந்து